‘அப்ளை பண்ணியாச்சு’... ஆனா ஸ்காலர்ஷிப் பணம் எங்கே நிக்குது? கல்லூரி உதவித்தொகை: முழு விளக்கம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று வீட்டில் சந்தோஷம். அடுத்த சில வாரங்களிலேயே கல்லூரி ஃபீஸ் சலான் கையில் வந்துவிடும். “ஸ்காலர்ஷிப் இருக்கு, அப்ளை பண்ணிக்கோங்க” என்று அட்மிஷன் கவுண்ட்டரில் ஒரு வரி சொல்வார்கள். எங்கே போடுவது, எந்தக் காகிதம் வேண்டும், பணம் யார் கணக்குக்கு வரும் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டு மாணவர்களுக்குத் திட்டங்கள் குறைவில்லை. மாநில அரசு தருவது, மத்திய அரசு தருவது, இரண்டும் சேர்ந்து தருவது என்று பல வழிகள் உண்டு. தகுதி இல்லாததால் பணம் கிடைக்காதவர்களைக் கூட விட்டுவிடலாம். தகுதி இருந்தும் ஒரு சான்றிதழாலோ, ஒரு பேங்க் கணக்காலோ பணம் பாதியில் நின்றுபோகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கலாம்.

சேரும் வழியே சிலதை முடிவு செய்துவிடும்

உதவித்தொகை என்றால் கல்லூரியில் சேர்ந்த பிறகு பார்க்க வேண்டிய விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சில உதவிகள் எந்த வழியில் சேர்கிறோம் என்பதிலேயே முடிவாகிவிடும்.

முதல் பட்டதாரி சலுகை அப்படி ஒன்று. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். 2010-11 கல்வியாண்டில் வந்த திட்டம் இது. சாதி வேறுபாடு கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. ஆனால் அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு, “எங்க வீட்ல இவதான் சார் முதல் பட்டதாரி” என்று கேட்டால் பயன் இல்லை.

இதற்கான சான்றிதழை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வருவாய்த் துறையிடம் வாங்க வேண்டும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரி இல்லை என்பதைக் காட்ட வேண்டும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் தம்பி, தங்கைக்கு இது கிடையாது. பொறியியல் கவுன்சிலிங்கில் சான்றிதழோடு கூட்டு உறுதிமொழிப் படிவமும் கேட்பார்கள். சான்றிதழ் கையில் இருந்தும் இந்தப் படிவத்தை மறந்துவிடாதீர்கள். இரண்டையும் கவுன்சிலிங் பதிவு திறக்கும் முன்பே தயார் செய்து வைப்பது நல்லது. அந்த வாரங்களில் இ-சேவை மைய வாசலில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று 7.5% உள் ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் மருத்துவப் படிப்பில் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. கட்டணத்தைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய உதவி மாநிலத்தில் வேறு இல்லை என்றே சொல்லலாம். அதனால் அரசுப் பள்ளி மாணவர்கள், கவுன்சிலிங் விண்ணப்பத்தில் எந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்ற பகுதியை அவசரத்தில் நிரப்பக் கூடாது. இடையில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பியிருந்தால் அதை மறைக்கவும் கூடாது.

மாதம் ஆயிரம் ரூபாய் யாருக்கு?

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமண உதவியாக இருந்த திட்டம்தான் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கி வைக்கப்பட்டது. இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் நேரடியாக மாணவர் பேங்க் கணக்குக்கு வரும். பட்டப்படிப்பு மட்டும் இல்லை, டிப்ளமோ, ஐடிஐ படிப்பவர்களுக்கும் உண்டு.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இதில் வருகிறார்கள். மாணவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே, மாணவிகளுக்கு 2024 டிசம்பர் இறுதியில் செய்யப்பட்ட விரிவாக்கத்துக்குப் பிறகு. கவனிக்க வேண்டிய வித்தியாசம் இது: உதவிபெறும் பள்ளி மாணவருக்கு இந்த ஆயிரம் ரூபாய் உண்டு, 7.5% ஒதுக்கீடு இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

இதற்குத் தனியாக அலைய வேண்டாம். கல்லூரியில் இதற்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். பள்ளியில் கொடுத்த எமிஸ் எண், ஆதார், மதிப்பெண் பட்டியல், பேங்க் விவரம் ஆகியவற்றோடு அவரைப் பார்த்தால் போதும். கல்லூரியில் யூமிஸ் என்ற தளத்தில் உங்கள் விவரம் ஏறியிருக்கிறதா என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பள்ளிக்கு எமிஸ் எப்படியோ, கல்லூரிக்கு யூமிஸ் அப்படி. அதில் எண் இல்லாத மாணவர், அரசின் கணக்கில் கல்லூரிக்கே வராத மாணவர் மாதிரிதான்.

அரசுக் கல்லூரியில் பிசி, எம்பிசி மாணவர்களுக்கு என்ன?

அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என மூன்றாண்டு இளங்கலை படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் மாணவர்களுக்கு இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. இதற்கு வருமான வரம்பு கிடையாது. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். விண்ணப்பம் யூமிஸ் தளம் வழியாகத்தான்.

இரண்டரை லட்சம் என்று கேட்கும்போது பெரிய தொகை மாதிரித் தெரியும். பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 20,833 ரூபாய். அப்பா ஒரு கம்பெனியில், அம்மா ஒரு கடையில் என்று இருவர் சம்பளம் வாங்கும் சாதாரண வீடே இதைத் தாண்டிவிடும். விலைவாசி ஏறிய வேகத்தில் இந்த வரம்பு ஏறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எஸ்சி, எஸ்டி மாணவர்கள்: பணம் கல்லூரிக்குப் போகாது, உங்களுக்குத்தான் வரும்

போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் எனப்படும் இந்த உதவிக்கும் பெற்றோர் வருமான வரம்பு 2,50,000 ரூபாய்தான். கட்டாயக் கட்டணங்களோடு, எஸ்சி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு பராமரிப்புத் தொகையும் உண்டு. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பில் விடுதியில் தங்கிப் படித்தால் 13,500, வீட்டிலிருந்து போய் வந்தால் 7,000. கலை, அறிவியல் பட்டப்படிப்பு என்றால் 6,000, 3,000.

எஸ்சி மாணவர்களுக்கான திட்டத்தில் 60% மத்திய அரசு, 40% மாநில அரசு. முன்பு கட்டணம் கல்லூரிக்கே போகும் முறை இருந்தது. புதிய விதிகளில், மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகு மத்தியப் பங்கு மாணவரின் கணக்குக்கே நேரடியாக வருகிறது. அதை வாங்கிக் கல்லூரிக்குக் கட்ட வேண்டியது மாணவரின் பொறுப்பு.

இங்கேதான் நிஜமான நெருக்கடி. கல்லூரி ஜூலையில் ஃபீஸ் கேட்கிறது. அரசுப் பணம் வர மாதங்கள் ஆகலாம். ஒரு கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். பணம் கணக்கில் விழும் நாளில் வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு இருந்தால்? அந்தப் பணம் கரைந்துவிட்டால் கல்லூரிக்கு என்ன பதில் சொல்வது? “பேங்க்ல பணம் வந்திருக்கு” என்று மெசேஜ் வந்ததும் அது எந்தப் பணம், எதற்கானது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கட்டணப் பகுதியை அன்றே கல்லூரிக்குக் கட்டி ரசீது வாங்கிவிடுவதுதான் பாதுகாப்பு.

தகுதியுள்ள எஸ்சி, எஸ்டி, கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்கள், சுயநிதிக் கல்லூரிகளில் படித்தாலும் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்க வழி செய்தது 2012-ல் வந்த அரசாணை 92. சேரும்போதே முழுக் கட்டணமும் கட்டச் சொன்னால் இந்த ஆணையைச் சொல்லிக் கேட்கலாம். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும் எழுத்தில் மனு கொடுக்கலாம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு மத்திய விதிகளின்படி போஸ்ட் மெட்ரிக் உதவி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபீஸ் பாக்கி என்று ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதும் நடக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

வருமானச் சான்று: சின்னக் காகிதம், பெரிய தடை

மேலே சொன்ன பல திட்டங்களுக்கும் பொதுவான காகிதம் இதுதான். இ-சேவை மையத்தில் முதலில் உங்களுக்கு ‘கேன்’ எண் எனப்படும் குடிமக்கள் கணக்கு எண் உருவாக்குவார்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகப் போய் வட்டாட்சியர் அலுவலகத்தில் முடியும். வழியில் எங்காவது நின்றால், விண்ணப்ப எண்ணை வைத்து எந்த மேசையில் நிற்கிறது என்று ஆன்லைனிலேயே பார்க்கலாம். பாதி நேரம் விஏஓ நேரில் விசாரிக்கக் காத்திருப்பார், இவர்கள் மெசேஜுக்குக் காத்திருப்பார்கள். போய்ப் பார்த்துவிடுவது மேல்.

பழைய சான்று வீட்டில் இருக்கிறதே என்று அதையே ஏற்றாதீர்கள். வருமானச் சான்று அந்தந்த ஆண்டுக்கானது. சாதிச் சான்று அப்படி இல்லை, ஒருமுறை வாங்கியது போதும்.

பெயர் விஷயமும் இங்கேதான் வெடிக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று புரியும். கம்ப்யூட்டருக்குப் புரியாது. மதிப்பெண் பட்டியலை மாற்றுவது பெரிய வேலை. அதனால் அதை அளவுகோலாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள், பிறகு ஆதாரைக் காட்டி பேங்க் கணக்கைத் திருத்துங்கள். 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பை விட்டவர்கள் அதையும் முடித்துவிடலாம்.

மத்திய அரசின் என்எஸ்பி தளம்

என்எஸ்பி என்பது தேசிய உதவித்தொகை தளம். முதலில் ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். ஆதாரும் முகச் சரிபார்ப்பும் இதற்குத் தேவை, மொபைல் ஆப்பிலேயே செய்யலாம். கிடைக்கும் 14 இலக்க எண் படிப்பு முடியும் வரை கூடவே வரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பிளஸ் டூ மதிப்பெண் நன்றாக இருப்பவர்கள் பார்க்க வேண்டியது கல்லூரி மாணவர்களுக்கான மத்தியத் துறை உதவித்தொகை. தங்கள் போர்டில், தங்கள் பிரிவில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000, முதுகலைக்கு 20,000. பாதி இடம் மாணவிகளுக்கு. அடுத்த ஆண்டு தொடர வேண்டுமானால் 50% மதிப்பெண்ணும் 75% வருகையும் வேண்டும். மாநில வரம்பான இரண்டரை லட்சத்தைத் தாண்டிய வீடுகளுக்கு இது நல்ல வழி.

பொறியியலோ டிப்ளமோவோ படிக்கும் மாணவிகளுக்கு ஏஐசிடிஇ-யின் பிரகதி இருக்கிறது. ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சம் வரை போகலாம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். முதலாண்டில் சேர்ந்தவர்களோ, நேரடியாக இரண்டாமாண்டில் சேர்ந்தவர்களோதான் புதிதாக விண்ணப்பிக்க முடியும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு இதேபோல சாக்‌ஷம் உண்டு. தொகைக்கு ஏற்ற அளவு இவை நம் ஊரில் பேசப்படுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. புதுமைப் பெண் பணம் வாங்குபவர் வேறு உதவித்தொகையும் பெறலாம் என்று மாநிலம் சொல்கிறது. மத்தியத் துறை உதவித்தொகையின் விதியோ, வேறு உதவித்தொகை, கட்டணச் சலுகை பெறுபவருக்கு இது கிடையாது என்கிறது. ஒரு கதவு திறந்திருக்கிறது என்பதால் அடுத்த கதவும் திறந்திருக்கும் என்று அர்த்தம் இல்லை. எது உங்களுக்கு மொத்தத்தில் அதிகம் தரும் என்று கணக்குப் போட்டுவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

என்எஸ்பி-யில் ‘சப்மிட்’ கொடுத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று போனை மூடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கல்லூரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் விண்ணப்பம் உயிரோடு இருக்கும். கல்லூரி அனுப்பவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். குறை இருந்தால் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அதற்கும் கடைசித் தேதி உண்டு. வாரம் ஒருமுறை உள்ளே போய் நிலையைப் பாருங்கள். தளத்தின் உதவி எண் 0120-6619540.

‘ஆதார் லிங்க் ஆயிடுச்சு’ன்னு பேங்க்ல சொன்னாங்களே?

எல்லாம் சரி, அப்ரூவலும் ஆகிவிட்டது, பணம் மட்டும் வரவில்லை. பெரும்பாலும் காரணம் இங்கே இருக்கும்.

ஆதாரை பேங்க் கணக்கோடு இணைப்பதில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அடையாளத்துக்காக ஆதார் நகலைக் கொடுத்து கணக்கில் பதிவது. அது கேஒய்சி. இன்னொன்று, “அரசு அனுப்பும் பணம் என் ஆதார் எண்ணுக்கு வந்தால் இந்தக் கணக்கில் போடுங்கள்” என்று சம்மதப் படிவம் கொடுத்து, அந்த விவரம் என்பிசிஐ எனப்படும் தேசிய பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியலில் ஏறுவது. இதற்குப் பெயர் சீடிங். உதவித்தொகை வருவதற்கு இரண்டாவதுதான் வேண்டும். கவுண்ட்டரில் “லிங்க் ஆயிடுச்சும்மா” என்று சொல்வது பல நேரம் முதலாவதை.

இன்னொரு சிக்கல், ஒரு ஆதாருக்கு ஒரு பேங்க்தான் சீடிங்கில் இருக்க முடியும். கடைசியாக எதில் செய்தீர்களோ, பணம் அங்கேதான் போகும். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண் எழுதினாலும் ஆதார் வழிப் பணம் அதைப் பார்ப்பதில்லை. 2017-ல் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பேமென்ட்ஸ் பேங்கில், சிம் கார்டுக்கு ஆதார் கொடுத்தவர்களுக்கே தெரியாமல் கணக்கு தொடங்கப்பட்டு, அவர்களின் கேஸ் மானியம் அங்கே போய்ச் சேர்ந்தது பெரிய செய்தியானது. ஆதார் ஆணையம் தலையிட்டு நடவடிக்கை எடுத்தது. போன் கடையில் விளையாட்டாகத் தொடங்கிய ஒரு கணக்கு உங்களுக்கும் இருக்கலாம். ‘ஸ்காலர்ஷிப் வரல’ என்று புலம்பிக்கொண்டிருக்கும்போது பணம் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும்.

பார்ப்பது சுலபம். மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனால் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்று இருக்கும். எந்த பேங்க், செயலில் இருக்கிறதா இல்லையா என்று காட்டும். வேறு பேங்க் காட்டினால், உங்களுக்கு வேண்டிய பேங்கில் போய் “டிபிடி பணத்துக்கு ஆதார் சீடிங் பண்ணணும்” என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். சில நாள் கழித்துத் திரும்பவும் பாருங்கள்.

பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்கையே கல்லூரிக்கும் கொடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அது மைனர் கணக்காக இருந்திருக்கும். 18 வயது ஆனதும் புதிய கையெழுத்து, போட்டோ, கேஒய்சி கொடுத்து மாற்றவில்லை என்றால் கணக்கு முடங்கிப்போக வாய்ப்பு உண்டு. கல்லூரி திறக்கும் முன் ஒரு நூறு ரூபாயைப் போட்டு எடுத்துப் பாருங்கள். போட்டது எடுக்க வந்தால் கணக்கு உயிரோடு இருக்கிறது.

அப்படியும் போதவில்லை என்றால் கல்விக் கடன்

7.5 லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கல்விக் கடன் தர கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னிற்கும் கல்வி நிறுவனங்களில் சேர்பவர்கள் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகை எதுவும் இல்லை என்றால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்திலும் அடுத்த ஓராண்டிலும் 3% வட்டிச் சலுகை உண்டு. 4.5 லட்சத்துக்குள் வருமானமும் தொழிற்படிப்பும் என்றால் அந்தக் காலத்துக்கு முழு வட்டியையும் அரசே ஏற்கும். உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வட்டிச் சலுகை இல்லாத கடனில், தவணை தொடங்கவில்லை என்றாலும் படிக்கும்போதே வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

“உங்க வீடு எங்க பிராஞ்ச் ஏரியால வரல” என்று திருப்பி அனுப்பினால், அந்தக் காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லியிருக்கிறது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர யோசிப்பவர்கள் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வதும் உண்டு.

ஓடிபி கேட்டு போன் வந்தால்?

“கல்வித்துறையிலிருந்து பேசுறோம், ஸ்காலர்ஷிப் சேங்ஷன் ஆயிடுச்சு, ஒரு க்யூஆர் அனுப்புறோம் ஸ்கேன் பண்ணுங்க” என்று வரும் அழைப்பு மோசடி. பணம் வாங்க க்யூஆர் ஸ்கேன் செய்யவோ, ஓடிபி சொல்லவோ தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.